வெள்ளோட்டத்தில் ஜெயித்தவர்கள்

தேர் வெள்ளோட்டம் என்று ஒன்று உண்டு. புதிதாகச் செய்த தேரையோ பழுது பார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் சுவாமி இல்லாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். கூட்டம் கூடும். மேளம் இருக்கும். வடம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமே இராது. ஆனால் தேரைச் செய்த ஸ்தபதி இருக்கிறாரே, அவர் கண் மட்டும் கூட்டத்தின் மேல் போகாது. சக்கரத்தையும் அச்சையும் பார்த்துக்கொண்டு கூடவே நடப்பார். வீதி திரும்புகிற இடத்தில் முட்டுக்கட்டை போடும்போது எந்தப் பக்கம் முனகுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். தேர் நிலைக்கு வந்ததும் ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்தபதிக்கு வேலை அப்போதுதான் ஆரம்பமாகும்.

கால்பந்து உலகத்திலும் வருஷந்தோறும் இப்படி ஒரு வெள்ளோட்டம் நடக்கிறது. இங்கிலாந்தில் லீக் பந்தயங்கள் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. இடையில், ஜூலை மாதத்தில், பெரிய கட்சிகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ கிளம்பிவிடுகின்றன. அங்கே சில ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுக்குப் புள்ளி கிடையாது. லீக் அட்டவணையில் அவை ஏறுவதும் கிடையாது. தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, டிக்கெட் வாங்கினவரைத் தவிர. இருந்தும் இந்த ஆட்டங்களைப் பற்றி அபிமானிகள் செய்கிற விமரிசனம் வேறெந்த விமரிசனத்துக்கும் இளைத்ததல்ல. ஜெயித்தால், "இந்த வருஷம் நம்முடையதுதான், சந்தேகமே இல்லை" என்கிறார்கள். தோற்றால், "இதெல்லாம் ஓர் ஆட்டமா? வெறும் தேகப்பயிற்சி" என்கிறார்கள். ஒரே மனிதர் ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

நான் மான்செஸ்டர் யுனைடெட் கட்சி. ஏன் என்று கேட்கவேண்டாம். தான் ஒரு கட்சிக்கு அபிமானியானதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவன் அபிமானி அல்ல, ஆராய்ச்சிக்காரன். எனவே என்னுடைய கட்சியின் வெள்ளோட்டம் ஒன்றையே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்து பார்க்கிறேன். 2014-ஆம் வருஷத்து வெள்ளோட்டம் அது. அதைப்போல் அமர்க்களமான ஒன்றை அந்தக் கட்சி அதற்குமுன் நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அலெக்ஸ் பெர்குஸன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1986 முதல் 2013 வரையில் யுனைடெட் கட்சியை ஆண்டார். நிர்வகித்தார் என்று எழுத மனம் வரவில்லை. ஆண்டார் என்பதுதான் சரி. அந்தக் காலத்தில் பதின்மூன்று தடவை லீக் பட்டம் வந்தது. கடைசிப் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டே அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த டேவிட் மாய்ஸ் என்பவர் ஒரு சீஸன்கூட முழுசாக முடிக்கவில்லை. 2014 ஏப்ரலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் ஸ்தானத்தில் இருந்த கட்சி ஏழாவது ஸ்தானத்தில் 64 புள்ளிகளுடன் போய் நின்றது. ஏழாவது என்பது வேறு கட்சிகளுக்குக் கௌரவமான இடமாக இருக்கலாம். எங்களுக்கு அது வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத வியாதி மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஹாலந்து தேசத்திலிருந்து லூயி வான் கால் வந்தார். பெயரிலேயே கால் இருக்கிறது. கால்பந்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நாமே உட்கார்ந்து யோசித்தாலும் வைக்க முடியாது. அந்த வருஷம் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையில் அவருடைய ஹாலந்து, நடப்புச் சாம்பியனான ஸ்பெயினை ஐந்துக்கு ஒன்று என்று உதைத்துத் தள்ளியது. மூன்றாவது ஸ்தானமும் பெற்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மனிதர் மான்செஸ்டருக்கு வந்து, சில நாட்களில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார். பிரேஸிலில் ஆடிய வியூகத்தையே கையோடு கொண்டுவந்தார். பின்னால் மூன்று தடுப்பாளர்கள், இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓட ஒவ்வொருவர், முன்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் சூத்திரதாரியாக ஒருவர். யுனைடெட் ஆட்டக்காரர்களுக்கு இது புதிது.

இனிமேல் நடந்ததைக் கேளுங்கள். ஜூலை 23, காலிபோர்னியாவில் பஸடேனா என்னும் ஊர். எதிரி லாஸ் ஏஞ்சலஸ் காலக்ஸி. அங்கே இரவு, இங்கே நாம் காலைச் சிற்றுண்டி சாப்பிடுகிற வேளை. ஏழு கோல்! எதிர்ப்பக்கம் பூஜ்யம். மூன்று நாள் கழித்து டென்வரில் இத்தாலியின் ரோமா கட்சியை மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். வாஷிங்டன் பக்கத்தில் இண்டர் மிலானோடு கோல் இல்லாத ஆட்டம், ஆனால் பெனால்டி உதைகளில் வெற்றி. ஆகஸ்டு 2-ஆம் தேதி மிச்சிகனில், ஆன் ஆர்பர் என்னும் பல்கலைக்கழக ஊரில், அந்த வருஷத்து ஐரோப்பியச் சாம்பியனான ரியல் மாட்ரிட்டை மூன்றுக்கு ஒன்று. அன்று கூடியிருந்த ஜனத்தொகை 109,318. இந்த ஆட்டத்துக்கு அமெரிக்காவில் அதற்குமுன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. இரண்டு நாள் கழித்து மியாமியில் இறுதி ஆட்டம். எதிரி யார்? சாக்ஷாத் லிவர்பூல். ஒரு கோல் பின்தங்கி, மூன்று கோல் போட்டு, கோப்பையைத் தூக்கினார்கள். ஊர் திரும்பியதும் தங்கள் மைதானமான ஓல்டு டிராபோர்டில் வலென்ஸியாவையும் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்து வைத்தார்கள்.

ஒரு தோல்வி கிடையாது. அமெரிக்காவில் மட்டும் ஐந்து ஆட்டத்தில் பதினாறு கோல் போட்டு நாலு கோல்தான் வாங்கியிருந்தார்கள். ஏழாவது ஸ்தானத்திலிருந்து வந்த அபிமானிக்கு இதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பட்டம் இந்த வருஷமா அடுத்த வருஷமா என்பதுதான் பேச்சாக இருந்தது. மாய்ஸ் காலம் ஒரு கெட்ட சொப்பனம், விழித்துக்கொண்டுவிட்டோம் என்று சொன்னவர்கள் பலர்.

ஆகஸ்டு 16-ஆம் தேதி லீக் ஆரம்பமாயிற்று. முதல் ஆட்டம் ஓல்டு டிராபோர்டிலேயே. எதிரி வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ. அதுவரையில் அந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயித்தறியாத கட்சி. இரண்டுக்கு ஒன்று என்று ஸ்வான்ஸீ ஜெயித்தது. சீஸனின் முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் யுனைடெட் தோற்றது 1972-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்தது சண்டர்லாண்டு: ஒன்றுக்கு ஒன்று. ஆகஸ்டு 26-ஆம் தேதி லீக் கப் ஆட்டம், மூன்றாவது படியில் இருந்த மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்னும் கட்சியோடு. நாலு கோல் விழுந்தது. நாலும் நம் வலையில்! நாம் ஒன்றும் போடவில்லை. அதற்கடுத்துப் பர்ன்லியில் கோலே இல்லாத ஓர் ஆட்டம். வெள்ளோட்டத்தில் அப்படிப் பறந்த தேர் முதல் திருப்பத்திலேயே வீட்டுத் திண்ணையில் மோதி நின்றுவிட்டது.

இதிலிருந்து இரண்டு கட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். ஒரு சாரார், "மோசம் போனோம்" என்றார்கள். இன்னொரு சாரார், "வெள்ளோட்டத்தைப் பார்த்து எந்த முட்டாள் நம்புவான்? அதற்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்றார்கள். இரண்டாவது சாராரின் பேச்சு கேட்க மிகவும் புத்திசாலித்தனமாக இருக்கும். அதற்கு ருசுவும் ஏராளமாக உண்டு. பஸடேனாவில் ஏழு கோல் வாங்கிய காலக்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் டிஸம்பரில் அமெரிக்க லீக் கோப்பையை அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஏழு கோல் போட்டவருக்கு நாலாவது ஸ்தானம், வாங்கினவருக்குக் கோப்பை!

இன்னும் வேண்டுமா? அந்த ஆன் ஆர்பர் ஸ்டேடியம் உண்மையில் அமெரிக்கர்களின் சொந்தக் கால்பந்துக்காகக் கட்டியது. பந்தைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும். ஆன் ஆர்பருக்குப் பக்கத்து நகரமான டெட்ராயிட்டில் லயன்ஸ் என்று ஒரு கட்சி இருக்கிறது. 2008-ஆம் வருஷம் அது நாலு வெள்ளோட்ட ஆட்டங்களிலும் ஜெயித்தது. பிறகு நிஜமான பதினாறு ஆட்டங்களில் பதினாறும் தோற்றது. 2017-இல் கிளீவ்லாண்டு பிரவுன்ஸ் என்னும் கட்சியும் அப்படியே: வெள்ளோட்டத்தில் நாலுக்கு நாலு வெற்றி, லீக்கில் பதினாறுக்குப் பதினாறு தோல்வி. அந்த நாட்டு லீக்கில் பதினாறும் தோற்றவர்கள் என்று இந்த இரண்டு பேர்தான் உண்டு. இரண்டு பேரும் வெள்ளோட்டத்தில் தோல்வியே அறியாதவர்கள். இதைக் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். ஒன்றை எடுத்துவிடச் சொல்லுவார்.

மறுபுறத்தையும் பார்க்கலாம். 2019 ஜூலையில் லிவர்பூல் அமெரிக்கா போயிற்று. டார்ட்மண்டிடம் தோல்வி, ஸெவில்லாவிடம் தோல்வி, லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங்கோடு சமம். திரும்பி வந்து எடின்பரோவில் நேபிள்ஸ்காரர்களிடம் மூன்றுக்குப் பூஜ்யம். லிவர்பூல் அபிமானிகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு அது ஒரு நல்ல மாதமாக இருந்தது. பிறகு லீக் ஆரம்பமாயிற்று. முதல் இருபத்தேழு ஆட்டத்தில் லிவர்பூல் இருபத்தாறு ஜெயித்தது. ஒன்றே ஒன்றுதான் சமம். அந்த ஒன்று ஓல்டு டிராபோர்டில் எங்களோடு ஆடியது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிலைமைக்கு நாங்கள் வந்திருந்தோம். முப்பது வருஷத்துக்குப் பிறகு பட்டம் 99 புள்ளிகளுடன் அவர்களுக்குப் போயிற்று.

ஆகவே சம்பந்தமே இல்லை என்கிறவர்கள் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். சரி அல்ல என்பதே என் கட்சி. கோல் கணக்குக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமில்லை என்றால் ஒப்புக்கொள்வேன். வெள்ளோட்டத்துக்கும் நிஜத்துக்குமே சம்பந்தமில்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று லிவர்பூல் அமெரிக்காவில் தோற்றபோது மைதானத்தில் யார் இருந்தார்கள்? ஸலா இல்லை, மானே இல்லை, பிர்மீனோ இல்லை. மூவரும் தங்கள் தங்கள் தேசத்துக்கு ஆடி முடித்து ஓய்வில் இருந்தார்கள். முன்வரிசை முழுவதும் வீட்டில் இருக்கும்போது கோல் எங்கிருந்து வரும்? இதைக் கண்டவர்களுக்கு அந்தத் தோல்விகள் ஒரு பயத்தையும் தந்திருக்கவேண்டியதில்லை. வெள்ளோட்டம் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்டவர்கள் தவறான கேள்வியைக் கேட்டார்கள்.

2014-ஐ அப்படிப் படித்துப் பார்க்கலாம். முதலில், கோல் போட்டவர்கள் யார்? பதினாறு கோலில் ரூனி ஐந்து, ஆஷ்லி யங் நாலு, ஹுவான் மாட்டா இரண்டு, ரீஸ் ஜேம்ஸ் என்ற இளைஞர் இரண்டு (பிற்காலத்தில் செல்ஸியில் பெயர் வாங்கிய ரீஸ் ஜேம்ஸ் வேறொருவர்), வெல்பெக், ஹெர்னாண்டஸ், லிங்கார்டு ஆளுக்கு ஒன்று. இந்த ஏழு பேரில் வெல்பெக்கை ஸெப்டம்பர் தொடக்கத்தில் ஆர்ஸெனலுக்கு விற்றுவிட்டார்கள். ஹெர்னாண்டஸை மாட்ரிட்டுக்கே இரவல் கொடுத்தார்கள். லிங்கார்டு ஸ்வான்ஸீ ஆட்டத்தில் அரைமணி ஆவதற்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பஸடேனாவில் இரண்டு கோல் போட்ட ஜேம்ஸ், ஐந்து வாரத்தில் மில்டன் கீன்ஸில் அந்த நாலு கோல் தோல்வியில் நின்றார். அதே வருஷம் அவரையும் வேறிடத்துக்கு இரவலாக அனுப்பிவிட்டார்கள். மறுபக்கம், ரோஹோ, டி மரியா, பிளிண்ட், பால்காவோ என்று நாலு பேர் லீக் தொடங்கிய பிறகு புதிதாக வந்தார்கள். அமெரிக்காவில் ஓடிய தேர் ஒன்று. ஸெப்டம்பரில் வீதிக்கு வந்த தேர் வேறொன்று. முதல் லீக் வெற்றி ஸெப்டம்பர் 14-ஆம் தேதி குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மேல் வந்தது, நாலுக்குப் பூஜ்யம். அன்று ரோஹோ, பிளிண்ட், டி மரியா மூவரும் ஆடினார்கள். மூன்று தடுப்பாளர் வியூகமும் அன்று இல்லை. பழையபடி நாலு பேர் பின்னால் நின்றார்கள்.

இரண்டாவதாக, பாதி ஆட்ட விவகாரம். டென்வரில் ரோமாவுக்கு எதிராக யுனைடெட் போட்ட மூன்று கோலும் முதல் பாதியில், பத்து நிமிஷத்துக்குள் விழுந்தவை. ரோமா போட்ட இரண்டு கோலும் கடைசிக் கால்மணியில். முதலாவதைப் பியானிச் என்பவர் தன் பாதி மைதானத்திலிருந்தே உதைத்தார். பந்து கோல் கீப்பர் தலைக்கு மேலாகப் போய் வலையில் விழுந்தது. வேடிக்கையான கோல் என்று சிரித்தோம். ஆனால் இடையில் நடந்தது என்ன? இடைவேளையில் கிட்டத்தட்டப் பதினொரு பேரையும் மாற்றியிருந்தார்கள். வெள்ளோட்டத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தக் காலத்து லீக் ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் மாற்ற முடியும். முதல் பதினொரு பேர் நன்றாகத்தான் ஆடினார்கள். அடுத்த பதினொரு பேர் தாங்கவில்லை. மில்டன் கீன்ஸுக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் அந்த அடுத்த வரிசைதான். டென்வரில் கசிந்த கூரை மில்டன் கீன்ஸில் இடிந்து விழுந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாவது சங்கதி நடுமைதானமும் பின்வரிசையும். பெர்டினாண்டு, விடிச், எவ்ரா மூவரும் அந்தக் கோடையில் விலகிப் போனார்கள். விடிச் எங்கே போனார் தெரியுமா? வாஷிங்டன் பக்கத்தில் நாம் கோல் போட முடியாமல் நின்ற அதே இண்டர் மிலானுக்கு! அவர்களுடைய இடத்துக்கு அனுபவசாலி ஒருவர்கூட அந்தப் பிரயாணத்தில் வரவில்லை. நடுமைதானத்தைத் தாங்கிக்கொண்டிருந்த காரிக் கணுக்காலில் அடிபட்டுப் பிரயாணத்துக்கு முன்பே படுத்துவிட்டார். மியாமியில் லிவர்பூலோடு ஆடிய முதல் பாதியைப் பார்த்தவர்கள், அந்த நடுவிடம் திறந்த வாசலாகக் கிடந்ததைப் பார்த்திருக்கலாம். இரண்டாவது பாதியில் இரண்டே நிமிஷ இடைவெளியில் ரூனியும் மாட்டாவும் ஆளுக்கு ஒரு கோல் போட்டதும் அது மறந்துபோயிற்று. பன்னிரண்டு நாள் கழித்து ஸ்வான்ஸீயின் கொரியாக்காரர் கி, அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்து தம் முதல் கோலைப் போட்டார்.

இங்கே வான் காலுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஊர் ஊராக இவ்வளவு தூரம் பறப்பது பயிற்சிக்கு உதவாது என்று அமெரிக்காவில் இருந்தபோதே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். பஸடேனாவிலிருந்து டென்வர், டென்வரிலிருந்து வாஷிங்டன், அங்கிருந்து மிச்சிகன், பிறகு மியாமி: வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், தேசத்தையே குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாகிவிட்டது. யாருக்காக? அந்த வருஷந்தான் யுனைடெட் சட்டையின் மார்பில் செவ்ரலே மோட்டார் கம்பெனியின் பெயர் ஏறியது. ஏழு வருஷத்துக்குச் சுமார் 559 மில்லியன் டாலர். அவ்வளவு பணம் கொடுத்தவர் தம் ஊரில் நாலு இடத்தில் சட்டையைக் காட்டச் சொன்னால் தவறு என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஸ்தபதி சக்கரத்தைத் தட்டிப் பார்க்கவேண்டிய வாரங்களில் அவரை விமானத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

வான் கால் சொன்ன இன்னொன்றும் உண்டு. ஸவுதாம்ப்டனிலிருந்து சுமார் 27 மில்லியன் பவுன் கொடுத்து வாங்கிய லூக் ஷா என்ற பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து, "இவன் உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகவில்லை, தனியாகப் பயிற்சி வேண்டும்" என்று நிருபர்களிடமே சொல்லிவிட்டார். சின்னப் பையனை இப்படி ஊரறியப் பேசலாமா என்று பலருக்குக் கோபம். எனக்கும் அந்தத் தொனி பிடிக்கவில்லை. ஆனால் சொன்ன விஷயம்? லீக் தொடங்குவதற்கு முன்பே ஷா தொடையில் தசை பிடித்துக்கொண்டு படுத்தார். ஸ்வான்ஸீ ஆட்டத்தில் அவர் இல்லை. ஏழு கோலும் மூன்று கோலுமாக விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில், வரப்போவதைச் சரியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அதைத்தான் யாரும் கேட்க விரும்பவில்லை.

எட்டு வருஷம் கழித்து இதே நாடகம் மறுபடியும் நடந்தது. 2022-இல் புதிய பயிற்சியாளர் எரிக் டென் ஹாக், இவரும் ஹாலந்துக்காரர்தான். ஜூலை 12-ஆம் தேதி பாங்காக்கில் லிவர்பூலை நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். லிவர்பூல் அன்று சுமார் அரைமணிக்கு ஒரு தடவை கட்சியையே மாற்றி மூன்று பதினொருவர்களை இறக்கியது என்பதை அபிமானிகள் கண்டுகொள்ளவில்லை. ஆகஸ்டில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் ஓல்டு டிராபோர்டில் பிரைட்டனோடு. இரண்டுக்கு ஒன்று தோல்வி. பிரைட்டனும் அந்த மைதானத்தில் அதற்குமுன் ஜெயித்ததில்லை! அடுத்த ஆட்டம் பிரெண்ட்போர்டில். முப்பத்தைந்து நிமிஷத்தில் நாலு கோல்; நாலும் நம் வலையில். ஒன்றுக்கு இரண்டு, பூஜ்யத்துக்கு நாலு: 2014-இல் ஸ்வான்ஸீயும் மில்டன் கீன்ஸும் எழுதிக் கொடுத்த அதே எண்கள். பிறகு நடுமைதானத்துக்கு மாட்ரிட்டிலிருந்து காஸெமிரோ வந்து சேர்ந்தார். இந்தத் தடவையும் அச்சாணி வெள்ளோட்டம் முடிந்த பிறகுதான் வந்தது. அந்த வருஷம் கட்சி மூன்றாவது ஸ்தானம் பெற்று லீக் கப்பையும் ஜெயித்தது. அதையும் பாங்காக் சொல்லவில்லை, பிரெண்ட்போர்டும் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, வெள்ளோட்டத்துச் சந்தோஷம் போலியா என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். அப்படி நான் சொல்லவில்லை. ஏழாவது ஸ்தானத்தில் ஒரு வருஷம் கிடந்தவனுக்குப் பஸடேனாவில் ஏழு கோல் விழுந்தால் அவன் சிரிக்காமல் என்ன செய்வான்? அந்தச் சிரிப்பை ஸ்வான்ஸீ வந்து திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. கோபம் எனக்கு வேறிடத்தில்தான். அந்தக் கோல் கணக்கைத் தலைப்பில் போட்டு, வருகிற சீஸனுக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்தார்களே, அவர்கள் மேல். ஆட்டத்தைப் பார்த்து எழுதுவதற்கென்றே அனுப்பப்பட்டவர்கள், ஆட்டத்தின் கடைசியில் பலகையில் தெரிகிற இரண்டு எண்களை மட்டும் பார்த்து எழுதினால், அந்தப் பலகையையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே.

உண்மையில் அந்த அமெரிக்கப் பிரயாணத்தில் ஒரு நல்ல செய்தி இருந்தது. அது கோல் கணக்கில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. ஆஷ்லி யங் அதுவரையில் ஓரத்தில் ஓடி முன்னால் பந்தைக் கடத்துகிற ஆட்டக்காரர். வயது இருபத்தொன்பது. பெரும்பாலான அபிமானிகள் அவரைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். அந்தக் கோடையில் அவரை விற்றிருந்தால் வருந்தியிருப்பவர் சிலரே. வான் கால் அவரை இடது ஓரத்தில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தடுப்பும் உன்னுடையது, தாக்குதலும் உன்னுடையது என்றார். முப்பதை நெருங்குகிறவனிடம் தொழிலை மாற்றிக்கொள்ளச் சொல்வது லேசான காரியமல்ல. மனிதர் முணுமுணுக்காமல் செய்தார். மாட்ரிட்டுக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோலில் இரண்டாவது, ரூனியின் தலைக்கென்று அனுப்பிய பந்து யார் தலையிலும் படாமல் தானாகவே வலைக்குள் போனது. அதிர்ஷ்டம் என்று சிரித்தார்கள். நான் சொல்ல வருவது அந்தக் கோலை அல்ல. அது விழுவதற்கு முன்னும் பின்னும் அந்த இடது ஓரம் முழுவதையும் அவர் ஒருவரே காவல் காத்த விதத்தை. திரும்பி ஓடுகிறபோது எங்கே நிற்கவேண்டும், எப்போது கால் வைக்கக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தார். பதினாறு கோலில் இல்லாத ஒரு சமாசாரம் அது. அந்தச் சீஸன் முழுவதும் நிலைத்து நின்றதும் அதுதான்.

நாலு வருஷம் கழித்து, 2018-இல், ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து அரை இறுதி வரையில் போயிற்று. மூன்று தடுப்பாளர்கள், இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓட ஒவ்வொருவர்: அதே வியூகம். இடது ஓரத்தில் நின்றவர் ஆஷ்லி யங், அப்போது வயது முப்பத்து மூன்று. இன்னும் மூன்று வருஷத்தில் இண்டர் மிலானுக்குப் போய் அதே வேலையைச் செய்து இத்தாலிய லீக் பட்டத்திலும் பங்கு வாங்கிக்கொண்டார். ஆன் ஆர்பரில் அன்று உட்கார்ந்திருந்த 109,318 பேரில் இந்த மனிதர் புதுத் தொழில் பழகுவதைக் கவனித்தவர்கள் எத்தனை பேரோ! மாட்ரிட் பக்கம் ரொனால்டோ ஓரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போது எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார் என்று பார்ப்பதற்கே பாதிப் பேருக்கு நேரம் சரியாக இருந்திருக்கும்.